பிற்பகலில் பேசாத கலங்கள்

1996 மே 25ஆந் திகதி இலங்கையின் மணிக்கூடுகள் எல்லாம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. மழை பொய்த்த வருடம் அது. களனி கங்கைக்குத் தண்ணீர் தரும் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் மட்டம் இறங்கிக் கிடந்தது. அந்தக் காலத்தில் நாட்டு மின்சாரத்தின் பெரும்பங்கு நீரிலிருந்துதான் வந்தது. நேரத்தை முன்னே தள்ளினால் சூரியன் ஏழு மணி தாண்டி மறையும், சனங்கள் விளக்குப் போடுவது பிந்தும், மின்சாரம் மிஞ்சும் என்பது கணக்கு. அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15இல்தான் திரும்பி வந்தது. இடையில் ஏறக்குறைய பத்து வருடங்கள் கொழும்புப் பிள்ளைகள் இருட்டோடு எழும்பிப் பள்ளிக்கூடம் போனார்கள்.

வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, வடக்கே போகையில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது சனங்கள் கைமணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னால் திருப்பினார்கள். தெற்கே வரும்போது முன்னால் திருப்பினார்கள். தலைக்குள் இருக்கும் மணிக்கூட்டை ஒருவரும் தொடவில்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் இரு பக்கமும் சூரியன் ஒன்றுதான்.

இந்தக் கதை என் தங்கையின் மகளுக்குப் புதிது. அவள் பிறக்க முதல் நடந்தது. வெள்ளவத்தையில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்கு ரியூசனுக்கு வருவாள், முடிந்ததும் எங்கள் வீட்டில் தேத்தண்ணி. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. "அப்ப மாமா, மூளைக்குள்ள இருக்கிற மணிக்கூடு ஆற்ற சொல்லைக் கேக்கும்?" என்றாள். வெளிச்சத்தின் சொல்லை என்றேன். எப்படிக் கேட்கும் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குச் சமன்பாடு இல்லாமல் பதில் சொல்ல முடியாது என்றதும் முகம் சுருங்கியது. "கணக்கை விட்டிட்டுத்தானே பயோவுக்கு வந்தனான், திரும்ப ஏன் அதுக்குள்ள இழுக்கிறியள்?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சாதாரண தரம் முடிந்த கையோடு நாங்கள் பிள்ளைகளை இரண்டு வாசல்களால் அனுப்புகிறோம். ஒரு வாசலால் போனவர்களுக்குக் கலம் தெரியாது, மற்றதால் போனவர்களுக்கு வகையீடு தெரியாது. மூளையின் மணிக்கூட்டைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் ஒரு முக்கியமான பகுதி, இந்த இரண்டு வாசலால் போனவர்களும் ஒரே மேசையில் இருந்தபோதுதான் கிடைத்தது. அந்தப் பகுதியைத்தான் அவளுக்குச் சொல்ல முயன்றேன்.

முதலில் வெளிச்சம். மனிதனை மங்கலான ஒளியில் அடைத்து, நாளொன்றுக்கு 28 மணித்தியாலம் என்ற பொய்யான அட்டவணையில் வாழவிட்டால், மூளையின் மணிக்கூடு அந்த அட்டவணையைப் பின்தொடர முடியாமல் தன் சொந்த வேகத்தில் ஓடத் தொடங்கும். ஹார்வர்டைச் சேர்ந்த சார்ள்ஸ் செய்ஸ்லரும் கூட்டாளிகளும் 1999இல் அந்தச் சொந்த வேகத்தை அளந்து சொன்னார்கள்: சராசரியாக 24 மணித்தியாலமும் 11 நிமிடமும். ஒவ்வொரு நாளும் 11 நிமிடம் பிந்துகிற மணிக்கூடு. திருத்தாமல் விட்டால் ஒரு மாதத்தில் ஐந்தரை மணித்தியாலம் பிந்தி நிற்கும். எங்களுக்கு அப்படி நடப்பதில்லை, காலை வெளிச்சம் தினமும் அதைத் திருத்தி வைப்பதால்.

ஆனால் எல்லா வெளிச்சமும் ஒரே மாதிரித் திருத்துவதில்லை. முன்னிரவில் படும் வெளிச்சம் மணிக்கூட்டைப் பின்னால் இழுக்கும். விடியப்புறத்தில் படுவது முன்னால் தள்ளும். நடுப்பகலில் படுவது பெரிதாக ஒன்றும் செய்யாது. வெளிச்சம் விழுந்த நேரத்தைக் கிடை அச்சிலும், மணிக்கூடு எவ்வளவு நகர்ந்தது என்பதை நிலை அச்சிலும் குறித்தால் ஒரு வளைகோடு வரும். உயிர் மணிக்கூட்டை ஆராய்கிறவர்களுக்கு இந்த வளைகோடுதான் அடிப்படை ஆவணம்.

தமிழ் மண்ணில் இந்த வேலையை ஒருவர் ஆழமாகச் செய்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மா. கி. சந்திரசேகரன். ஜேர்மனியின் ரியூபிங்கனில் வொல்வ்காங் எங்கல்மானோடு பழ ஈக்களில் வெளிச்சத் துடிப்புகளைச் சோதித்துவிட்டு மதுரை வந்தவர். மதுரைப் பக்கத்துக் குகைகளில் வாழும், பூச்சி தின்னும் சிறு வௌவால்களை எடுத்துக்கொண்டார். பகலும் இரவும் தெரியாத இருட்டில் கிடக்கும் வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது? 1978இல் அவரும் மாரிமுத்துவும் சுப்புராஜும் பதில் சொன்னார்கள். குகைக்குள் கூட்டில் அடைத்து வைத்த வௌவால், சுற்றி இருக்கும் கூட்டம் வெளியே போய் வருவதைக் கொண்டு தன் மணிக்கூட்டைச் சரிசெய்கிறது. கூட்டம் இல்லாத குகையில் தனியே விட்டால் அதன் மணிக்கூடு தன்பாட்டில் விலகி ஓடுகிறது. பிறகு ஜோஷி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, அரை மில்லிசெக்கன் மட்டுமே நீடிக்கும் பளீரென்ற ஒளிக்கீற்று ஒன்றே வௌவாலின் மணிக்கூட்டை நகர்த்தப் போதும் என்று காட்டினார். அரை மில்லிசெக்கன்! கண் சிமிட்டும் நேரத்தில் சிறு துண்டு அது. அதன் விளைவு நாட்கணக்கில் நிற்கிறது.

கணிதம் தன் முகத்தை முதலில் காட்டியதும் இந்த வெளிச்ச வேலையில்தான். அமெரிக்கரான ஆர்தர் வின்ஃப்ரீ அந்த வளைகோடுகளை வைத்துக் காகிதத்தில் யோசித்தார். வெளிச்சம் மணிக்கூட்டை முன்னும் தள்ளும், பின்னும் இழுக்கும் என்றால், அதன் நேரத்தையும் அளவையும் சரியாகத் தேர்ந்தால் மணிக்கூட்டுக்கு நேரமே இல்லாமல் போகும் ஒரு புள்ளி இருந்தாக வேண்டும் என்று வடிவியல் அவருக்குச் சொன்னது. யாரும் அப்படியொன்றைத் தேடியிருக்கவில்லை. அவர் தேடினார். 1970இல், இருட்டில் வைத்த பழ ஈக் கூட்டுப்புழுக்கள் மேல், குறித்த ஒரு நேரத்தில், ஒரு நிமிடத்துக்கும் குறைந்த மெல்லிய நீல ஒளி. அதற்குப் பிறகு அந்த ஈக்கள் நாளின் எல்லா நேரத்திலும் தாறுமாறாகக் கூடுடைத்து வெளியே வந்தன. ஒளி கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ, நேரம் முந்தினாலோ பிந்தினாலோ தாளம் திரும்பிவிடும்.

"கணக்கு சொன்ன இடத்தில போய்ப் பாத்தாரோ?" என்றாள். ஓம், அதுதான் விஷயம் என்றேன். இரண்டாவது கோப்பை தேத்தண்ணி ஊற்றினோம்.

இனி மணிக்கூடு இருக்கும் இடம். கண்ணில் இருந்து வரும் இரண்டு பார்வை நரம்புகளும் குறுக்காகக் கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, பாடப்புத்தகம் பரிவகக்கீழ் என்று சொல்லும் பகுதியில், நடுக்கோட்டின் இரு பக்கமும் பொட்டளவான இரண்டு கொத்துகள். எலியில் இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய இருபதாயிரம் நரம்புக் கலங்கள். 1972இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டன: இந்தக் கொத்துகளை அழித்தால் எலியின் நாளாந்தத் தாளம் குலைகிறது. இன்னும் உறுதியான சான்று ஹம்ஸ்ரரில் இருந்து வந்தது. 1988இல் மார்ட்டின் ரால்ஃபும் மைக்கேல் மெனேக்கரும் விநோதமான ஒரு ஹம்ஸ்ரரைத் தற்செயலாகக் கண்டார்கள், அதன் நாள் குறுகியிருந்தது. இரண்டு பெற்றோரிடமிருந்தும் அந்த விகாரத்தைப் பெற்ற குட்டிகளுக்கு நாள் இருபது மணித்தியாலம். 1990இல் சாதாரண ஹம்ஸ்ரரின் கொத்தை அகற்றி, இருபது மணித்தியாலக்காரரின் கொத்தை வைத்தார்கள். வாங்கிய விலங்கு, தந்த விலங்கின் நாளை வாழத் தொடங்கியது.

கொத்துக்குள் ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு பரம்பரையலகுச் சுற்று இருக்கிறது. ரொனால்ட் கொனொப்காவும் சீமோர் பென்சரும் 1971இல் பழ ஈயில் அந்தப் பரம்பரையலகைத் தொட்டார்கள். ஹோல், ரொஸ்பாஷ், யங் மூவரும் அதன் வேலையைப் பிரித்துப் பார்த்து 2017இல் நோபல் பெற்றார்கள். சுருக்கம் இதுதான்: பரம்பரையலகு ஒரு புரதத்தைச் செய்விக்கிறது. அந்தப் புரதம் சேர்ந்து பெருகியதும் திரும்பி வந்து தன்னைச் செய்வித்த பரம்பரையலகையே தடுக்கிறது. புரதம் சிதைந்து குறைந்ததும் தடை விலகுகிறது. மறுபடி முதலில் இருந்து.

"இது விளங்குது. இதுக்கேன் கணக்கு?" என்றாள். நியாயமான கேள்வி. சொல்லில் கேட்கும்போது சுற்று தானாகவே ஆடும் போலத்தான் இருக்கிறது. எழுதிப் பார்த்தால் ஆடாது.

எழுதுவது என்றால் என்ன? வகையீட்டுச் சமன்பாடு என்ற பெயருக்குப் பயப்பட வேண்டியதில்லை. இந்தக் கணத்தில் இவ்வளவு இருக்கிறது, ஆகவே அடுத்த கணத்துக்குள் இவ்வளவு கூடும், இவ்வளவு குறையும் என்று சொல்லும் வாக்கியம் அது. தூது ஆர்.என்.ஏ.க்கு ஒரு வாக்கியம், புரதத்துக்கு ஒன்று, தடுக்கும் பொருளுக்கு ஒன்று. 1965இல் பிரையன் குட்வின் இப்படி மூன்று வாக்கியங்களில் ஒரு சுற்றை எழுதினார். மூன்று வருடம் கழித்து கிரிஃபித் அதை ஆராய்ந்து ஒரு சங்கடத்தைக் காட்டினார். தடை மெல்ல மெல்ல இறுகினால் சுற்று சிறிது ஆடிவிட்டு ஒரு சமநிலையில் படுத்துவிடும். ஓயாமல் ஆட வேண்டுமென்றால் தடை மிகச் செங்குத்தாக இறுக வேண்டும், எட்டு மூலக்கூறுகளுக்கு மேல் ஒன்றுகூடித்தான் தடுக்கின்றன என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் செங்குத்தாக. உயிருள்ள கலத்தில் அது நம்பக் கடினமானது. அப்படியென்றால் கலம் வேறேதோ செய்கிறது: புரதம் கருவுக்குள் போவதைப் பிந்தச் செய்கிறது, படிப்படியாக பொஸ்பேற்று ஒட்டி அதன் சிதைவை நேரம் பார்த்து விடுகிறது. அல்பர்ட் கோல்ட்பீற்றர் 1995இல் பழ ஈக்கு எழுதிய கணித மாதிரியில் இந்தப் பொஸ்பேற்றுப் படிகள் வந்துவிட்டன. 2003இல் டானியல் ஃபோர்ஜரும் சார்ள்ஸ் பெஸ்கினும் முலையூட்டிக்கு எழுதியபோது சமன்பாடுகள் 73 ஆகியிருந்தன.

அந்த இருபது மணித்தியால ஹம்ஸ்ரரிடம் இந்தச் சமன்பாடுகளைக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? அதன் குறை, புரதத்துக்குப் பொஸ்பேற்று ஒட்டும் ஒரு நொதியத்தில் இருப்பதாக 2000இல் கண்டிருந்தார்கள். சோதனைக் குழாயில் அந்த நொதியம் சோர்வாகத் தெரிந்தது. ஆகவே விகாரம் நொதியத்தைப் பலவீனமாக்குகிறது என்பதே பொது நம்பிக்கை. ஃபோர்ஜரின் மாதிரியில் நொதியத்தைப் பலவீனமாக்கினால் நாள் நீண்டது. நாள் குறுக வேண்டுமென்றால், மணிக்கூட்டுப் புரதத்தின் மேல் அந்த நொதியம் வழமையைவிடக் கூடுதலாக வேலை செய்ய வேண்டும் என்றது மாதிரி. டேவிட் விர்ஷப்பின் ஆய்வுகூடம் கலங்களில் சோதித்தது. மாதிரி சொன்னதுதான் சரி. 2006இல் வெளியானது. எல்லாரும் ஒரு பக்கம் பார்த்திருக்க, காகிதம் எதிர்ப்பக்கம் கை காட்டியது எனக்கு இன்றும் பிடித்த சம்பவம்.

இவ்வளவும் மெதுவான கதை. மணித்தியாலக் கணக்கில் புரதம் கூடுகிறது, குறைகிறது. ஆனால் கொத்தில் இருப்பவை நரம்புக் கலங்கள். அவை உடம்புக்கு நேரம் சொல்வது பெரும்பாலும் மின் துடிப்பால், ஒரு துடிப்பு சில மில்லிசெக்கனில் முடிந்துவிடும். ஒரு நாளுக்குள் 8 கோடி 64 லட்சம் மில்லிசெக்கன்கள். இந்த இரண்டு கால அளவுகளையும் ஒரே மாதிரிக்குள் கொண்டுவருவதுதான் கடினமான வேலை.

துடிப்புக்கான சமன்பாடுகள் ஏற்கெனவே இருந்தன. 1952இல் அலன் ஹொட்ஜ்கினும் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பிழையில் அளந்து எழுதியவை. ஓய்வில் இருக்கும் நரம்புக் கலத்தின் உட்புறம், வெளிப்புறத்தைவிட 60, 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். மென்சவ்வில் சோடிய வாயில்கள் திறந்தால் சோடியம் அயன்கள் உள்ளே பாய்ந்து மின்னழுத்தம் சடாரென ஏறும். சற்றுப் பிந்திப் பொட்டாசிய வாயில்கள் திறக்க, பொட்டாசியம் வெளியேறி அழுத்தம் இறங்கும். ஒரு துடிப்பு முடிந்தது. கேம்பிரிட்ஜின் கணினி அப்போது திருத்த வேலைக்காக மூடியிருந்ததால், ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணிப்பான் ஒன்றில் வாரக்கணக்கில் இருந்து துடிப்பின் வடிவத்தைக் கணக்கிட்டார். அவர்கள் வாயில் எதையும் கண்ணால் காணவில்லை. பொட்டாசியத்துக்கான எண்ணை நான்காம் அடுக்கில் எழுதினால்தான் அளவீட்டோடு பொருந்தியது, எழுதினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பொட்டாசிய வாயிலின் கட்டமைப்பைப் பார்த்தபோது அது நான்கு துண்டுகள் சேர்ந்ததாக இருந்தது.

ஒரு விபரம் இங்கே கவனிக்க வேண்டியது. சோடிய வாயிலுக்கு இரண்டு கதவுகள். அழுத்தம் ஏறினால் ஒன்று உடனே திறக்கும், மற்றது சற்றுப் பிந்தி மூடும். மூடிய இரண்டாவது கதவு மறுபடி திறக்க வேண்டுமென்றால் அழுத்தம் நன்றாக இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால்? கொட்டாஞ்சேனைக் கோயில் மணியை நினைத்துப்பார் என்றேன். கயிற்றை இழுத்து விட்டால் மணி அடிக்கும். இழுத்த இழுப்பில் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றால் கை வலிக்கும், மணி அடிக்காது. தூரத்தில் நின்று கேட்பவர், மணியடிப்பவர் நித்திரை என்று நினைப்பார்.

மணிக்கூட்டுக் கொத்தைப் பற்றிய பழைய படம் எளிமையானது. பகலில் கலங்கள் செக்கனுக்குப் பல துடிப்பு அடிக்கும், இரவில் அடங்கும். ஆயிரக்கணக்கான அளவீடுகள் அதைத்தான் காட்டின. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபோர்ஜரும் அவருடைய மாணவர் கேசி டீக்மனும், இந்தக் கலங்களில் அளந்த சோடியம், கல்சியம், பொட்டாசியம் ஓட்டங்களை ஹொட்ஜ்கின்–ஹக்ஸ்லி வகைச் சமன்பாடுகளில் போட்டு, பகல் நேரத்துக்குரிய மாற்றங்களைச் செய்து ஓடவிட்டார்கள். மாதிரி ஓர் இசகுபிசகான பதிலைத் தந்தது. பிற்பகலில் கலத்தின் கிளர்ச்சி ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் துடிப்பு நின்றுவிடுகிறது. கலம் ஓய்வுக்குப் போகவில்லை. அழுத்தம் மேலேயே நிற்கிறது, இரண்டாவது கதவு மூடியபடியே கிடக்கிறது. கயிறு இழுத்தபடி, மணி மௌனம்.

இப்படிப்பட்ட நிலையில் ஒரு கலம் அகப்பட்டால் நரம்பியல் ஆய்வுகூடத்தில் வழமையான முடிவு, அது சேதப்பட்ட கலம், அளவீட்டை விடு என்பதுதான். அழுத்தம் இறங்காத கலம் சாகிற கலம் என்பது அந்தத் தொழிலின் நடைமுறை அறிவு. அதில் தவறும் இல்லை, பெரும்பாலான இடங்களில் அது உண்மை.

மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹியூ பிகின்ஸும் மினோ பெல்லும் இதைச் சோதித்தார்கள். கைகொடுத்தது ஒரு சிறப்பு எலி. அதில் மணிக்கூட்டுப் பரம்பரையலகு வேலை செய்யும் கலங்கள் பச்சையாக ஒளிரும். கொத்துக்குள் எல்லாக் கலமும் ஒன்றல்ல என்பதை முந்திய அளவீடுகள் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. இப்போது பச்சைக் கலங்களை ஒரு பக்கமும் மற்றவற்றை ஒரு பக்கமும் வைத்து நூற்றுக்கணக்கில் அளந்தார்கள். மற்றக் கலங்கள் பழைய படத்தின்படி நடந்தன. பச்சைக் கலங்கள் பிற்பகலில் மணித்தியாலக் கணக்கில் மௌனமாக, ஆனால் உச்சக் கிளர்ச்சியில் நின்றன. பொழுது சாயும் நேரத்தில் சிறிது நேரம் துடித்தன, இரவில் உண்மையாகவே ஓய்ந்தன, விடியலில் மறுபடி துடித்தன. 2009 ஒக்டோபரில் 'சயன்ஸ்' இதழ் இதை வெளியிட்டது.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப அந்தக் கலங்களை முந்தியும் ஆக்கள் பாத்திருப்பினம்தானே?"

பார்த்திருக்கலாம், மாதிரி இல்லாமல் பார்த்தால் அவை விலக்க வேண்டிய கலங்கள் என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் மனம் கிளர்கிறது. நுணுக்குக்காட்டியும் மின்வாயும் இல்லாமல் இந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் எதைக் குப்பையில் போடக் கூடாது என்று சொன்னது சமன்பாடு. உயிரியல் படிக்கிற பிள்ளையிடமிருந்து அந்தக் கருவியை எடுத்துவிட்டு, மனப்பாடம் செய் என்று தடித்த புத்தகம் ஒன்றைக் கொடுக்கிறோமே, அது எனக்கு ஆறவில்லை.

அந்த மௌனம் வெறும் மௌனமும் அல்ல. அழுத்தம் உயர்ந்து நிற்கும் நேரமெல்லாம் கல்சியம் உள்ளே கசிகிறது. கல்சியம் கலத்தின் கருவரை செய்தி கொண்டுபோய், மணிக்கூட்டுப் பரம்பரையலகைத் தூண்டக் கூடியது. டீக்மனும் ஃபோர்ஜரும் மற்றவர்களும் 2013இல் இதை மாதிரியில் விரித்து எழுதினார்கள். பரம்பரையலகுச் சுற்று மின்சாரத்தை மாற்றுகிறது, மின்சாரம் திரும்பி வந்து சுற்றைத் தாங்குகிறது. மெதுவான மணிக்கூடும் வேகமான துடிப்பும் ஒன்றையொன்று கேட்கின்றன. ஒன்றை மட்டும் எழுதினால் மற்றது விளங்காது.

இருபதாயிரம் பேர் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்பது இன்னொரு பெரிய கதை, அதை அன்று சுருக்கமாகத்தான் சொன்னேன். 1995இல் டேவிட் வெல்ஷும் ஸ்டீவன் ரெப்பர்ட்டும் மற்றவர்களும் இந்தக் கலங்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொரு கலத்துக்கும் ஒவ்வொரு நாள், மணித்தியாலக் கணக்கில் வித்தியாசம். கொத்தில் ஒன்றாக இருக்கும்போது அவை ஒன்றுக்கொன்று இரசாயனச் செய்தி அனுப்பி ஒத்துப்போகின்றன. வி.ஐ.பி. என்ற சிறு புரதத்துண்டு அதில் முக்கியமானது, அது இல்லாத எலியில் கலங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டும். காபா என்ற இரசாயனத்தின் பங்கு சிக்கலானது. 2015இல் டிவொஸ்கினும் ஃபோர்ஜரும் மற்றவர்களும் ஏராளமான கலங்களை, அவற்றின் மில்லிசெக்கன் துடிப்போடும் நாளாந்தச் சுற்றோடும், கணினிக்குள் ஒன்றாக ஓடவிட்டு அதைத்தான் ஆராய்ந்தார்கள்.

எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான் துறைமுகம். இரவு முழுக்கக் கொள்கலன் இறக்குகிறவர்கள் விடியலில் வீடு திரும்பும்போது முகத்தில் அடிக்கும் வெளிச்சம், அவர்களுடைய மணிக்கூட்டைப் பகல் வேலைக்காரருடைய நேரத்திலேயே கட்டி வைக்கிறது. பிறகு பகலில் கண் மூடினாலும் உடம்பு விழித்திருக்கும். எந்த நேரத்தில் வெளிச்சத்தைத் தேடுவது, எந்த நேரத்தில் தவிர்ப்பது என்று கணக்கிட்டுச் சொல்லும் மாதிரிகள் இருக்கின்றன. ஹார்வர்டின் ரிச்சர்ட் குரொனவர் மனித மணிக்கூட்டுக்கு எழுதிய சமன்பாடுகளின் வழிவந்தவை. 2014இல் ஃபோர்ஜரின் குழு அவற்றை, விமானப் பயணிகளுக்கு உதவ, கைத்தொலைபேசிச் செயலியாகவே வெளியிட்டது. துறைமுகத்தின் வேலை முறைகளை வகுக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

போகும் நேரத்தில் அவள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "மாமா, பின்னேரம் ரெண்டு மணிக்கு எனக்கு வகுப்பில நித்திரை தூங்குது. அந்தக் கலங்கள் பேசாமல் நிக்கிறதாலயோ?"

இல்லை என்றேன். அளந்தது எலியில். எலி பகலில் தூங்கும், இரவில் ஓடித் திரியும். ஆனால் அதன் மணிக்கூட்டுக் கொத்து கிளர்ந்து நிற்பது பகலில்தான். பகலில் விழித்திருக்கும் விலங்குகளிலும் அந்தக் கொத்து பகலில்தான் கிளர்கிறது. இரண்டு கூட்டத்துக்கும் கொத்து காட்டும் நேரம் ஒன்று. அந்த நேரத்தைக் கேட்டுவிட்டு எழும்புவதா படுப்பதா என்ற தெரிவு கொத்துக்கு வெளியே, அதன் செய்தியை வாங்கும் மற்ற மூளைப் பகுதிகளில் நடக்கிறது.

"அப்ப அதுக்கும் ஆரும் சமன்பாடு எழுதினவையோ?" என்றபடி செருப்பை மாட்டினாள். நித்திரையையும் விழிப்பையும் மாறி மாறி அடக்கும் இரண்டு கலக் கூட்டங்களுக்கு எழுதியிருக்கிறார்கள், மணிக்கூட்டின் செய்தி அதற்குள் ஒரு உறுப்பாக வரும், அடுத்த ஞாயிறு பேனையும் கொப்பியும் கொண்டுவா என்றேன்.